சூடேறிய பிறகு மட்டும் மினுக்கிய ஆயில் லைட்

காலையில் ஸ்டார்ட் செய்யும்போது ஒன்றும் தெரியாது. நன்றாக ஓடி, இன்ஜின் சூடேறி, சிக்னலில் நிற்கும்போதுதான் அந்தச் சிவப்பு ஆயில் லைட் மினுக்கும். ஆக்சிலரேட்டரை லேசாகத் தொட்டால் அணைந்துவிடும். அணைந்துவிட்டதே என்று விட்டுவிடக் கூடாத லைட் அது. பல கார்களில் ஆயில் பிரஷர் சுமார் 4 முதல் 7 பிஎஸ்ஐக்கு (பிரஷரை அளக்கும் அலகு) இறங்கிய பிறகுதான் எரியவே செய்யும். அதனால் காரை ஓட்டுவதை நிறுத்திவிட்டு மெக்கானிக்கை வரவழைத்தேன்.

ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் ஆயில் மேல் கோட்டையும் தாண்டி நின்றது. "ஆயில்தான் நெறைய இருக்கே சார், ஸ்விட்ச் போயிருக்கும், மாத்திடலாம்" என்றார் மெக்கானிக். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பிரஷர் குறைந்தால் லைட்டை எரியவைக்கும் அந்த பிரஷர் ஸ்விட்ச் அடிக்கடி பழுதாகிற சாமான்தான். ஆனால் சர்வீஸின்போது சரியான அளவில் இருந்த ஆயில் எப்படிக் கூடும்? அதுதான் எனக்கு உறுத்தியது. மாற்றுவதற்கு முன்னால் ஒருமுறை அளந்து பார்த்துவிடலாம் அண்ணே என்றேன்.

ஸ்விட்சைக் கழற்றிவிட்டு அந்தத் துளையில் பிரஷரை அளக்கும் முள் வைத்த கேஜை மாட்டினார். குளிர்ந்த இன்ஜின், ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஓடும் ஐடிலில் 40 பிஎஸ்ஐ. ரேடியேட்டர் ஃபேன் சுற்ற ஆரம்பித்த பிறகு முள் மெல்ல மெல்ல இறங்கி 6-இல் வந்து நடுங்கியது. 2000 ஆர்பிஎம்மில் 18. ஆயிரம் ஆர்பிஎம்முக்குப் பத்து பிஎஸ்ஐயாவது வேண்டும் என்பது பொதுவான கணக்கு. சரியான எண் அந்தந்த இன்ஜினின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். எப்படிப் பார்த்தாலும் இது குறைவுதான். ஸ்விட்ச் பொய் சொல்லவில்லை.

ஐடிலில் ஆயில் பம்ப் மெதுவாகச் சுற்றும், தள்ளும் ஆயில் குறைவு. சூட்டில் ஆயிலும் இளகி, சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் இடுக்குகள் வழியே சுலபமாக வழிந்துவிடும். பெரும்பாலான கோளாறுகள் முதலில் சூடான ஐடிலில்தான் தலைகாட்டும். பேரிங் தேய்மானம், பம்ப் தேய்மானம், மிஞ்சிய பிரஷரைத் திறந்துவிடும் ரிலீஃப் வால்வு திறந்தபடி சிக்கிக்கொள்வது எல்லாமே கேஜில் ஏறக்குறைய இதே மாதிரி தெரியும். இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் இருக்கும் வடிகட்டி அடைத்திருந்தால் கதை வேறு. பெரும்பாலும் ஆர்பிஎம் ஏறும்போதுதான் பிரஷர் சரியும்.

அவர் சம்ப்பைக் கழற்றலாம் என்றார். அதற்கு முன் டிப்ஸ்டிக்கிலிருந்து ஒரு சொட்டை விரலில் எடுத்துத் தேய்த்தேன். வழவழப்பே இல்லை, தண்ணீராக ஓடியது. மூக்கருகே கொண்டுபோனால் பெட்ரோல் வாடை. அளவு கூடியதற்கும் பிரஷர் குறைந்ததற்கும் காரணம் ஒன்றுதான், ஆயிலில் பெட்ரோல் கலந்திருந்தது!

அப்புறம் பெட்ரோல் எந்த சிலிண்டர் வழியே ஆயிலில் இறங்குகிறது என்று பார்க்க ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினோம். மூன்றாவது மட்டும் கறுத்து ஈரமாக இருந்தது. பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களை அவற்றுக்குப் பெட்ரோல் கொண்டுவரும் குழாயான ரெயிலோடு வெளியே தூக்கி, இன்ஜினைச் சுற்றவிடாமல் சாவியை மட்டும் ஆன் செய்தார். பெட்ரோல் பிரஷர் ஏறியதும் மூன்றாவதன் நுனியில் ஒரு துளி திரண்டு விழுந்தது, பின்னாலேயே இன்னொன்று. மற்ற மூன்றும் காய்ந்தே இருந்தன. (வெளியே பெட்ரோல் சொட்டும் வேலை இது. தீயணைப்பான் பக்கத்தில் இல்லாமலும், பழக்கமில்லாதவர்களும் செய்யவே கூடாது.)

இன்ஜெக்டரை மாற்றி, கையேடு சொன்ன அதே கிரேடில் புது ஆயிலும் ஃபில்டரும் போட்டோம். கெட்டியான ஆயில் ஊற்றினால் லைட் எரியாது என்று சிலர் சொல்வார்கள். எரியாமல் போகலாம்; ஆனால் பெட்ரோல் கலந்துகொண்டேதான் இருக்கும். அதனால் நான் ஒப்புக்கொள்ளவில்லை.

மெலிந்த ஆயிலில் ஓடியதால் பேரிங் அடிபட்டிருக்குமோ என்ற பயம் மட்டும் எனக்கு இருந்தது. பழைய ஃபில்டரை அறுத்து, உள்ளே இருந்த மடிப்புத் தாளை விரித்து வெளிச்சத்தில் பார்த்தோம். பேரிங் தேய்ந்தால் வரும் மினுங்கும் துகள் எதுவும் கண்ணில் படவில்லை. கேஜை மறுபடி மாட்டி, ஃபேன் சுற்றும்வரை சூடாக்கினோம்: ஐடிலில் 15, 2000 ஆர்பிஎம்மில் 34. அதன் பிறகுதான் கேஜைக் கழற்றிவிட்டு ஸ்விட்சைத் திரும்ப மாட்டினார், அதே பழைய ஸ்விட்சை.