அம்மாவின் முட்டிவலியும் ஏழு லட்சமும்

மற்றவர்களின் சம்பளத்தைக் கூறுபோடுவதுதான் என் தொழில். அடிப்படைச் சம்பளம் இவ்வளவு, வீட்டு வாடகைப் படி இவ்வளவு, வருங்கால வைப்பு நிதிக்கு இவ்வளவு என்று பிரித்து, மாதக் கடைசியில் ஒருவர் கைக்கு என்ன போய்ச் சேரும் என்று சொல்வேன். புதிதாகச் சேரும் பிள்ளைகள் ஆஃபர் கடிதத்தின் பெரிய எண்ணைப் பன்னிரண்டால் வகுத்து மனத்தில் வைத்திருப்பார்கள். முதல் சம்பளச் சீட்டைப் பார்த்ததும் முகம் சுருங்கி என் மேசை முன்னால் வந்து நிற்பார்கள். சிடிசி என்பது கம்பெனிக்கு ஆகும் செலவு, அதை வரவென்று நினைத்துக் கடன் வாங்கிவிடாதீர்கள் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! 2019 அக்டோபரில் எனக்கே அப்படி ஒரு கடிதம் வந்தது. நானும் முதலில் பன்னிரண்டால்தான் வகுத்தேன்.

மும்பையில், பாந்த்ரா-குர்லா வளாகத்தில் அலுவலகம். சம்பளப் பிரிவுக்குத் தலைமை. கீழே பன்னிரண்டு பேர். ஆண்டுக்கு 21 லட்சம். பெங்களூரில் அப்போது வாங்கிக்கொண்டிருந்தது 14 லட்சம். எனக்கு வயது 41. வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்.

வீடு பெங்களூரின் அல்சூரில் இருக்கிறது. சோமேசுவரர் கோயிலுக்கு இரண்டு சந்து தள்ளி, இருபதுக்கு முப்பது மனையில் அப்பா கட்டியது. அரசின் ஐ.டி.ஐ. தொலைபேசித் தொழிற்சாலையில் பாகங்களைப் பூட்டிப் பூட்டிச் சேர்த்த பணம். மாடிப்படி அவ்வளவு குறுகல். பீரோவை ஏற்ற வழியில்லாமல் கயிறு கட்டிச் சன்னல் வழியாக இழுத்தார்கள். சித்திரையில் பூப்பல்லக்குகள் வரும் இரவில் தெருவில் யாரும் தூங்க மாட்டார்கள். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஏரிக்கு அருகே ஒரு சிலை மூடிக் கிடந்தது. உள்ளே நிற்பவர் திருவள்ளுவர் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். 1991-இல் நிறுத்தியவரை 2009 ஆகஸ்ட் 9 அன்றுதான் திறந்தார்கள். சீருடையில் பார்க்கத் தொடங்கிய நான், வேலைக்குப் போய், அப்பாவுக்குக் காரியமும் செய்து முடித்த பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

இந்த ஊர்மீது எனக்குப் பிரியம் என்று சொல்லும்போது இதையெல்லாம் சேர்த்தே சொல்கிறேன். 2016 செப்டம்பரில் காவிரித் தகராறில் தமிழ்நாட்டு பஸ்கள் எரிந்த நாளில், தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த உறவினர் ஒருவரின் கார் எங்கள் வாசலில் நின்றது. எண் பலகை ஊரைக் காட்டிக் கொடுக்கும். எதிர்வீட்டுக் கன்னடத்து அம்மா தன் கேட்டைத் திறந்து அதை உள்ளே விடச் சொல்லி, மேலே பழைய படுக்கை விரிப்பைப் போர்த்தினார். போர்த்தி வைப்பது இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் உதவுகிறது.

இன்னொன்று, மெட்ரோ. 2011-இல் ஓடத் தொடங்கிய முதல் தடம் எங்கள் பக்கம்தான். அல்சூரில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம் பையப்பனஹள்ளி, அங்கே இறங்கினால் என் அலுவலகம். நெரிசலான சந்திப்புகளில் மணிக்கணக்காகக் காரில் உட்கார்ந்து வரும் சக ஊழியர்கள் என்னைப் பார்த்தால் எரிச்சல்படுவார்கள். காலை எட்டே முக்காலுக்கு இட்லி தின்று ஒன்பதேகாலுக்கு மேசையில் இருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எக்செல்லைத் திறந்தேன். 21 லட்சத்தில் 3,15,000 என்பது ஆண்டு முடிவில் கம்பெனியின் லாபத்தையும் மேலதிகாரியின் மனநிலையையும் பொறுத்துக் கிடைப்பது. அதை எடுத்து ஓரம் வைத்தேன். கம்பெனி கட்டும் வைப்பு நிதிப் பங்கும் பணிக்கொடை ஒதுக்கீடும் அந்த 21-க்குள்ளேயே உட்கார்ந்திருந்தன. என் பங்கு வைப்பு நிதி, தொழில் வரி, வருமான வரி போக மாதம் ஏறத்தாழ 1,18,000 நின்றது. வாடகைப் படிக்கு வரிவிலக்கு பார்க்கும்போது அன்றைய விதியில் மும்பை பெருநகரம், அடிப்படைச் சம்பளத்தில் பாதிவரை கழிக்கலாம். பெங்களூரு அப்போது அந்தப் பட்டியலில் பெருநகரம் இல்லை, 40 சதவீதம்தான். நெரிசலுக்குப் பேர்போன எங்கள் சில்க் போர்டு சந்திப்பில் ஒரு மாலை நின்றவர் எவரும் அந்த விதியை எழுதியிருக்க மாட்டார். அந்தச் சலுகையையும் சேர்த்துத்தான் 1,18,000.

மும்பை செம்பூரில் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு 45,000 வாடகை கேட்டார்கள். மிச்சம் 73,000. பெங்களூரில் வாடகை இல்லாமல் கைக்கு வந்தது 86,500. அல்சூர் வீட்டை 20,000-க்கு விட்டால் வரி போக 15,600 தேறும். கூட்டினால் 88,600. ஆக, ஏழு லட்ச உயர்வு, மாதம் 2,100 ரூபாயாக வந்து நின்றது.

அந்தத் தாளைப் பார்த்ததும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. நிம்மதி வந்ததும் சந்தேகமும் வந்தது. ஏனென்றால் கணக்கைச் சாய்ப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். என் பெயரில் சேரும் வைப்பு நிதி மாதம் ஐயாயிரத்துக்கு மேல் கூடும். அதை நான் வரவில் காட்டவில்லை. ஆண்டு முடிவுத் தொகை பாதி வந்தாலும் கணக்கே மாறிவிடும். அந்தப் பதவியில் மூன்று ஆண்டு இருந்தவருக்கு அடுத்த கம்பெனி கொடுக்கும் சம்பளம் வேறு. 36,000-க்கும் செம்பூரில் ஒரு வீடு இருந்தது. மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. அம்மாவால் ஏற முடியாது என்று அதை அடித்தேன். அம்மாவின் முட்டிவலி கணக்குக்குள் நுழைந்தது அந்த இடத்தில்தான். வேறு யாராவது இதே தாளைக் கொண்டுவந்திருந்தால், தயங்காமல் போங்கள் என்று சொல்லியிருப்பேன்.

நவம்பரில் கடைசிச் சுற்றுப் பேச்சுக்கு மும்பை போனேன். மாட்டுங்காவில் அப்பாவின் சித்தப்பா மகன் வீட்டில் தங்கினேன். எனக்குச் சித்தப்பா முறையான அவர் 1967-இல் தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு அரக்கோணத்தில் ரயில் ஏறியவர். விடிகாலையில் அவரோடு நடந்தபோது, பூக்கடைகளும் கோயில் மணியும் டிகிரி காப்பியுமாக அந்தத் தெரு அல்சூரைவிடத் தமிழாக இருந்தது. ஊரைவிட்டு வர எப்படி முடிவெடுத்தீர்கள் என்று கேட்டேன். "முடிவா? அங்கே ஒரு வேலை இருந்திருந்தால்தானே அம்மா முடிவெடுக்க?" என்றார். என் கேள்வி அவருக்குக் கொஞ்சம் பணக்காரத்தனமாகப் பட்டிருக்க வேண்டும்.

மாட்டுங்கா நிலையத்தில் 2017 முதல் எல்லா ஊழியர்களும் பெண்கள். டிக்கெட் கொடுத்த பெண்ணிடம் குர்லாவுக்கு எந்த நடைமேடை என்று இந்தியில் கேட்டேன். இந்தியில் நான் போகிறேன் என்பதற்கே ஆண்பால், பெண்பால் உண்டு; பெண்ணான நான் அதை ஆண்பாலில் சொல்லியிருக்கிறேன். அவர் சிரிக்கவில்லை, கையைக் காட்டினார். என் இந்தியில் நான் பாதி நேரம் ஆண், பாதி நேரம் பெண்.

பேச்சு ஆங்கிலத்தில் நடந்ததால் அங்கே தடுமாற்றமில்லை. பணிக்கொடையில் அவர்கள் செய்துகொண்டிருந்த ஒரு பிழையைக்கூடச் சுட்டிக்காட்டினேன். பிறகு அந்தப் பன்னிரண்டு பேரோடு சாப்பாடு. எல்லோரும் நல்லவர்கள். இந்தியும் மராத்தியும் கலந்து வேகமாகப் பேசினார்கள், யாரோ எதையோ சொல்ல மேசை குலுங்கியது. நானும் சிரித்தேன், ஒரு கணம் தாமதமாக. பெங்களூரு அலுவலகத்தில் மேசையைச் சிரிக்க வைப்பவள் நான். கன்னடத்தில் ஒருவரைக் கிண்டலடித்து, தமிழில் இன்னொருவரைச் சமாதானம் செய்து, தெலுங்கில் காவலாளியின் பேரன் நலம் விசாரித்து உள்ளே போகிறவள். அந்தச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தவள் தலையாட்டும் ஒரு சாதுவான பெண். அவளோடு நான் எத்தனை ஆண்டு குடியிருப்பது? இரண்டு ஆண்டில் மொழி வந்துவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். வந்துவிடும்தான். அந்த இரண்டு ஆண்டை 41 வயதில் கொடுக்க எனக்கு மனமில்லை.

இதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மனிதவளத் துறையிலிருந்து அழைத்த பெண்ணிடம், "அம்மாவுக்கு முட்டிவலி. அழைத்து வரவும் முடியாது, தனியே விடவும் முடியாது" என்றேன். "புரிகிறது மேடம்" என்றார் அந்தப் பெண், மிகுந்த பரிவோடு. சமையலறையில் மிக்சி நின்றிருந்ததை நான் கவனிக்கவில்லை.

இரண்டு நாள் அம்மா பேசவில்லை. மூன்றாம் நாள், "உனக்குப் போக மனமில்லை என்றால் மனமில்லை என்று சொல். என் முட்டியை ஏன் நடுவில் இழுக்கிறாய்?" என்றாள். பிறகு மாமாவைப் பற்றிப் பேசினாள். அம்மா பிறந்தது கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் குடியிருப்பில். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடியபோது மாமாவுக்கு வேறு தொழில் தெரியாது. பெங்களூரில் காவலாளி வேலை கிடைத்தது. எங்கள் வீட்டு மாடியில் தங்கிக்கொள்ளச் சொன்னோம். மாட்டேன் என்று, விடிவதற்கு முன் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி, இரவு திரும்பிப் போய்க்கொண்டிருந்தார். அங்கிருந்து அப்படிப் போய்வருகிறவர்களின் கூட்டம் ரயில் ரயிலாக இன்றும் இருக்கிறது. "உன் மாமி வரமாட்டாள் என்றானா? பிள்ளை படிப்பு என்றானா? எனக்கு அங்கே படுத்தால்தான் தூக்கம் வருகிறது அக்கா என்றான். அவ்வளவுதான்" என்றாள் அம்மா.

நான் பதில் சொல்லவில்லை. உண்மையில் அது ஊர்மேல் உள்ள ஆசையா, புதிய இடத்தின் பயமா என்று இன்றும் எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. சம்பளத்தைப் பிரிப்பதுபோல் வரவில்லை. அடுத்த மாதம் அல்சூரிலேயே ஒரு இந்தி வகுப்பில் சேர்ந்தேன். வினைச்சொல் ஆண்பால் பெண்பால் வந்த வாரத்தில் காய்ச்சல் என்று நின்றேன். காய்ச்சல் இல்லை.

அந்தப் பதவிக்கு ஜனவரியில் ஒருவர் சேர்ந்தார் என்றும், மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் கோயம்புத்தூருக்குப் போய், ஒன்றரை ஆண்டு தன் வீட்டுத் திண்ணையிலிருந்தே அந்த வேலையைப் பார்த்தார் என்றும் பின்னால் கேள்விப்பட்டேன். அதே 21 லட்சம்தானாம். இதை அம்மாவிடம் சொல்லவில்லை.

அம்மாவும் அந்தத் தொலைபேசிப் பேச்சுக்குப் பிறகு முட்டியைப் பற்றி என்னிடம் ஒரு சொல் பேசுவதில்லை. துணி உலர்த்த அந்தக் குறுகல் படியில் தினமும் மாடிக்கு ஏறுகிறாள், நான் எடுத்துப் போகிறேன் என்றாலும் விடுவதில்லை. வலித்தால் எதிர்வீட்டு அம்மாவிடம் தைலம் வாங்கி, நான் குளிக்கப் போயிருக்கும் நேரத்தில் தேய்த்துக்கொள்கிறாள். வாசனை வீடு முழுக்க இருக்கிறது. என்ன வாசனை என்று நானும் கேட்பதில்லை.