பாட்டா பனையேறி, அப்பா பி.எஸ்சி.

எங்கள் பாட்டா பனையேறி. விடியுமுன்னே மரமேற உதவும் முருக்குத்தடியோடு கிளம்பினால் வெயில் ஏறுமுன் அக்கானியோடு, அதாவது பதநீரோடு, திரும்புவார். அவர் மகன், அதாவது என் அப்பா, நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியில் பி.எஸ்சி. முடித்து அரசாங்க வேலைக்குப் போனார். 'அவன் கெட்டிக்காரன்லா' என்று சொந்தக்காரர்கள் இதை ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். கெட்டிக்காரர்தான், சரி. ஆனால் பாட்டாவும் கெட்டிக்காரர்தானே. எங்கள் பெண்கள் மாரை மறைக்கத் தோள்சீலை போட்டதற்கே அடி வாங்கிய ஊரில், 1809-இல் ரிங்கல்தௌபே என்ற மிஷனரி மைலாடியில் பள்ளிக்கூடம் ஆரம்பித்து, அப்புறம் நாகர்கோவிலில் செமினரியும் கல்லூரியும் வந்திருக்காவிட்டால் அப்பாவும் பனையில்தான் இருந்திருப்பார். (அவர் இதைப் படித்தால் இரண்டு நாள் என்னிடம் பேசமாட்டார்.)

அமெரிக்காவில் கறுப்பினத்தவருக்காகத் தொடங்கிய கல்லூரிகளைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்புதான். மற்ற கல்லூரிகள் கதவைச் சாத்தியிருந்த காலத்தில் வந்தவை அவை; செய்னி 1837, ஹோவர்டும் மோர்ஹவுஸும் 1867. இப்போதும் சுமார் 100 இருக்கின்றன, படிப்பவர்களில் பெரும்பாலோர் வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள்.

பொருளாதார ஆய்வாளர் ராஜ் செட்டியும் கூட்டாளிகளும் 2017-இல் கல்லூரிகளை வேறு மாதிரி அளந்தார்கள். வருமானத்தில் கடைசி 20 சதவீதத்தில் இருக்கும் வீடுகளிலிருந்து எத்தனை பேரைச் சேர்க்கிறாய், அவர்களில் எத்தனை பேர் முதல் 20 சதவீதத்துக்குப் போகிறார்கள், இரண்டையும் பெருக்கு, அவ்வளவுதான். பணக்காரப் பிள்ளையைச் சேர்த்துப் பணக்காரனாகவே அனுப்புகிற பெரிய பேர் எடுத்த கல்லூரிக்கு இந்தக் கணக்கில் மார்க் வராது. வசதியில்லாத பிள்ளைகளைச் சேர்க்கிற கறுப்பினத்தவர் கல்லூரிகளை அளக்க எனக்கு ரொம்பப் பிடித்த கணக்கு இது.

எல்லாம் நல்ல செய்தி என்று சொல்ல முடியாது. ஃப்ரையர், கிரீன்ஸ்டோன் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் பார்த்தபோது, 1970-களில் இந்தக் கல்லூரிகளில் படித்தவர்கள் மற்ற கல்லூரிகளில் படித்த கறுப்பினத்தவரைவிடக் கூடுதலாகச் சம்பாதித்திருக்கிறார்கள், 1990-களில் அது தலைகீழாகிவிட்டது. மற்ற கல்லூரிகளும் கதவைத் திறந்த பிறகு, கையில் பெரிய நிதி இல்லாத இவை போட்டிபோடத் திணறியிருக்கும் என்பது என் ஊகம்.

அப்புறம் கடன். வீட்டில் சேமிப்பு இல்லாதவன் பட்டத்தோடு கடனையும் சேர்த்துத்தான் வாங்கி வருகிறான். 2019-இல் மோர்ஹவுஸ் பட்டமளிப்பு விழாவில் பேச வந்த ராபர்ட் ஸ்மித் என்ற கோடீஸ்வரர், அந்த வருடம் முடித்த ஏறக்குறைய 400 பேருடைய கல்விக் கடனையும் தானே அடைப்பதாக மேடையிலேயே சொன்னார். முன்னே உட்கார்ந்திருந்த பையன்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

என் அக்கா மகன் மார்த்தாண்டம் பக்கம் இன்ஜினியரிங் முடித்தான். வேலைக்குப் போய் மூன்று வருடமாகிறது, சம்பளத்தில் பாதி இன்னும் பேங்குக்குத்தான் போகிறது. அவன் பட்டமளிப்பு விழாவுக்கு நானும் போயிருந்தேன். மேடையில் எடுத்த போட்டோவுக்கே தனியாக 800 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள்.