பின்னால் வருபவருக்காகப் பிடித்துக்கொள்ளும் கதவு

பல்கலைக்கழக மாணவியர் விடுதி ஒன்றில் காப்பாளராக இருக்கிறேன். மகளைச் சேர்க்க வரும் பெற்றோர் முதலில் கேட்பது, "இரவு எத்தனை மணிக்கு வாயிலைப் பூட்டுவீர்கள்?" என்பதைத்தான். நியாயமான கவலைதான். ஆனால் என் தூக்கத்தைக் கெடுப்பது, பூட்டியிருப்பதாக எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கும் கதவு.

எங்கள் பக்கவாட்டுக் கதவு அடையாள அட்டையைக் காட்டினால் திறக்கும். பிறகு தானே சாத்திக்கொள்ளும். பூட்டின் நாக்கு 'டக்'கென்று உள்ளே விழுந்தால்தான் அது பூட்டிய கதவு. துணி உலர்த்தப் போகிறவர்கள் மறுபடி அட்டையைத் தேடச் சோம்பி, காகிதத்தை நான்காக மடித்து அந்த நாக்குக்கு எதிரே செருகிவிட்டுப் போவார்கள். பார்த்தால் கதவு சாத்தியிருக்கும். விரலால் தள்ளினால் திறந்துகொள்ளும்.

அந்தக் காகிதத்தைக் கண்டால், யார் வைத்தது என்று விசாரிக்க மாட்டேன். அன்று மாலை எல்லோரையும் கூட்டி ஜீன் கிளெரியைப் பற்றிச் சொல்வேன். 1986 ஏப்ரலில், அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழக விடுதியில், 19 வயதான அந்த மாணவி தன் அறையிலேயே கொல்லப்பட்டார். கொன்றவன் அங்கேயே படித்த மாணவன். தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவுகள் அந்த விடுதியில் இருந்தன. அவை மூடிவிடாதபடி பீட்சா பெட்டிகளை அண்டக்கொடுத்திருந்தார்கள். அவருடைய பெற்றோர் விடாமல் போராடியதால் 1990இல் ஒரு சட்டம் வந்தது. அரசின் நிதியுதவித் திட்டங்களில் பங்கேற்கும் அந்நாட்டுக் கல்வி நிறுவனங்கள், வளாகத்தில் நடக்கும் குற்றங்களின் கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். இப்போது அது அவர் பெயரால் வழங்குகிறது. அப்படிச் சட்டம் இல்லாத இடங்களிலும் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: சென்ற ஆண்டு இங்கே என்னென்ன புகார்கள் வந்தன, அவற்றுக்கு என்ன செய்தீர்கள்?

காகிதத்தைவிடக் கடினமானது மரியாதை. பின்னால் ஒருவர் வந்தால் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கத்தான் நம்மை வளர்த்திருக்கிறார்கள். முகத்துக்கு நேரே சாத்த யாருக்கும் மனம் வராது. அதனால் மாணவிகளுக்கு ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பழக்குகிறேன்: "உங்கள் அட்டையையும் ஒருமுறை காட்டிவிடுங்கள், இங்கே அதுதான் வழக்கம்." அங்கே தங்குபவர் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபிக்கிறவரைப் பற்றி உடனே எனக்குத் தெரியவேண்டும், நள்ளிரவானாலும்.

இரவில் தனியாக நடப்பது பற்றி எல்லோருமே அறிவுரை சொல்கிறார்கள் என்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். வாட்ஸ்அப்பில் நேரடி இருப்பிடத்தை 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று பகிரலாம்; நூலகத்திலிருந்து கிளம்பும்போதே தோழிக்கு அனுப்பிவிடுங்கள். கைபேசியில் அவசர அழைப்புக்கு எந்தப் பொத்தானை எப்படி அழுத்துவது என்பதை இன்றே பார்த்து வையுங்கள். பதறும்போது விரலுக்குப் புதிதாக எதுவும் வராது.

படிப்பு முடிந்து தனி வீடு எடுப்பவர்கள் என்னிடம் யோசனை கேட்பதுண்டு. குடிபோன அன்றே பூட்டை மாற்றுங்கள் என்பேன். முன்பு குடியிருந்தவர்கள் எத்தனை மாற்றுச் சாவி செய்தார்கள் என்பது வீட்டு உரிமையாளருக்கே தெரியாது. சாய்வான நாக்கு மட்டும் உள்ள பூட்டைப் பல வீடுகளில் ஒரு பிளாஸ்டிக் அட்டையாலேயே நெம்பிவிடலாம். சாவியைத் திருப்பினால் நேரான தண்டு நிலைக்குள் இறங்குகிற பூட்டு வேண்டும். மாற்றுச் சாவி பூந்தொட்டிக்கடியில் அல்ல, நம்பிக்கையான ஒருவர் கையில் இருக்கட்டும்.

ஆனால் பூட்டு வெளியாளுக்குத்தான். 2023இல் உலகெங்கும் ஏறத்தாழ 51,100 பெண்களும் சிறுமிகளும் கணவர், துணைவர் அல்லது குடும்பத்தாரால் கொல்லப்பட்டதாக ஐ.நா. மதிப்பிட்டது. அந்த ஆண்டு வேண்டுமென்றே கொல்லப்பட்ட பெண்கள், சிறுமிகளில் இது சுமார் 60 சதவீதம். இதைச் சொல்லாமல் வீட்டுப் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவது ஏமாற்று வேலை என்றே நினைக்கிறேன்.

விடுமுறையில் எல்லோரும் ஊருக்குக் கிளம்பும்போது, அறையிலேயே தங்க அனுமதி கேட்கும் மாணவி ஒருத்தியாவது இருப்பாள். முன்பு அந்தப் படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. நிர்வாகத்திடம் வாதாடி அதை எடுக்கவைத்தேன். இப்போது பெயரும் அறை எண்ணும் எழுதினால் போதும்.