கொழும்பு வீட்டுத்தோட்டத்தில் பெரிய பூசணி
இராட்சதப் பூசணி வளர்க்க ஆசைப்படும் கொழும்பு நண்பர்கள் முதலில் தேடுவது ‘அட்லாண்டிக் ஜயன்ட்’ விதையைத்தான். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஹவார்ட் டில் என்ற விவசாயி பல ஆண்டுகள் தெரிவுசெய்து உருவாக்கிய இனம் அது. 2023 இல் அமெரிக்காவின் மினசோட்டாவைச் சேர்ந்த டிராவிஸ் கிங்கர் நிறுத்துக் காட்டிய 1,247 கிலோ பூசணியும் அந்த வழிவந்ததே. ஆயினும் அந்த விதை நமக்கு ஏற்றதன்று என்றே நான் கருதுகிறேன்.

காரணம் நமது இரவுகள். பகலில் இலைகள் ஆக்கும் மாச்சத்தில் ஒரு பங்கைச் செடி இரவில் சுவாசித்தே செலவழிக்கிறது; வெப்பம் கூடக்கூட அச்செலவும் கூடும். மினசோட்டாவின் நடுக்கோடையில் 15 மணி நேரத்துக்கு மேல் பகல், பின்னர் குளிர்ந்த இரவு. இங்கோ ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 12 மணி நேரப் பகல். இரவு வெப்பம் 20 பாகைக்குக் கீழே இறங்குவதே அரிது. ஆகவே இந்த வெக்கையைத் தாங்கிப் பழகிய நமது உள்ளூர்ப் பூசணியில், நன்கு முற்றிய மிகப் பெரிய காயின் விதையை எடுத்து நடுவதே அறிவுடைமை.

ஒக்டோபர், நவம்பர் மழை ஓய்ந்தபின், டிசம்பர் கடைசியில் விதைத்தால், காய் பருக்கும் காலம் பெப்ரவரி, மார்ச் மாத வெயிலில் அமையும். வெள்ளவத்தை, தெஹிவளைக் கடற்கரையோர மணல்மண்ணில் நீரும் சத்தும் தங்குவதில்லை என்பதால், குழியை அகலமாக வெட்டி, மக்கிய மாட்டெருவையும் கூட்டெருவையும் தாராளமாகக் கலக்க வேண்டும். கொடி ஓடும்போது ஒவ்வொரு கணுவையும் மண்ணால் மூடிவிட்டால், அங்கும் வேர் இறங்கிக் காய்க்கு உணவு சேர்க்கும். மதிலில் ஏற்றிய கொடிக்கு இந்த வாய்ப்பில்லை.

பெண் பூ ஒரு காலைப் பொழுது மட்டுமே விரிந்திருக்கும். விடிந்தவுடன் ஆண் பூவைப் பறித்து, இதழ்களை நீக்கி, மகரந்தத்தைப் பெண் பூவின் சூல்முடியில் மெதுவாகத் தடவிவிட வேண்டும். மழை நனைத்த மகரந்தம் பயன்படாது என்பதால் மறுநாள் மலரவிருக்கும் மொட்டுகளை முதல்நாள் மாலையே மூடிக் கட்டிவைப்பது நல்லது. பழ ஈ பிஞ்சுத் தோலில் முட்டையிட்டால் காய் உள்ளிருந்தே அழுகிவிடும். ஆகையால் பிஞ்சு பிடித்ததும் வலைத்துணியால் சுற்றிவிடுங்கள்.

பிறகு மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு, ஒரு கொடிக்கு ஒரே காயை விட்டு ஏனைய பிஞ்சுகளை அகற்ற வேண்டும். பெரிய காய்க்கு இதைவிட முக்கியமான வேலை வேறில்லை. காயின் கீழே உலர்ந்த மணல் பரப்பி, மேலே கிடுகால் நிழல் கொடுத்தால் தோல் இளகியே இருந்து வெடிக்காமல் விரியும். காம்பு தக்கைபோல் இறுகி, நகம் தோலில் பதியாத நிலை வந்ததும், காம்பைச் சற்று நீளமாக விட்டு வெட்டி எடுக்கலாம்.