நேத்து பாத்த படமும் சித்தப்பா பெட்டியும்

நேத்து ராத்திரி தூக்கம் வராம 'கிராசிங் ஓவர்' பாத்தேன் மக்களே, 2009ல வந்த படம், ஹாரிசன் ஃபோர்டு லாஸ் ஏஞ்சல்ஸ்ல இமிக்ரேஷன் ஆபீசரா வாராரு. ஒரே படத்துல அஞ்சாறு கத, கிரீன் கார்டுக்கு அலையுத ஆஸ்திரேலியா பொண்ணு, பங்களாதேஷ் குடும்பம்னு எல்லாத்தையும் போட்டு திணிச்சிருக்காவ, பாதி மனசுல ஒட்டவே இல்ல. ஆனா தையல் கம்பெனில ரெய்டு வந்து மெக்சிகோக்காரி ஒருத்திய பிடிச்சிட்டு போவும்போ, எம்பிள்ளய யாரு பாப்பான்னு அந்த ஆபீசர்ட்ட கெஞ்சுவா பாத்துக்கிடுங்க, அங்கதான் நான் விழுந்துட்டேன்.

அதப் பாத்ததும் எங்க சித்தப்பா நெனப்புதான் வந்துச்சு. அவிய பத்தாங்கிளாஸ் பாஸாவல, அதனால பாஸ்போர்ட்ல இ.சி.ஆர். (சில நாட்டுக்கு வேலைக்குப் போவ அரசாங்க அனுமதி வேணும்ங்கிற குறிப்பு), சவுதிக்கு மீன்பிடிக்கப் போவ அந்த அனுமதிக்கு, எமிக்ரேஷன் கிளியரன்சுக்கு, நடையா நடந்தாவ. கடைசில திருவனந்தபுரம் ஏர்போர்ட்ல பெட்டி எடை கூடிப் போச்சுன்னு, சித்தி கட்டிக் குடுத்த நெத்திலிக் கருவாட்டுப் பொதிய வெளிய எடுத்து எங்கையில தந்துட்டு உள்ள போயிட்டாவ. குளச்சல் வர பஸ்ல மடியிலயே வச்சிருந்தேன், பக்கத்து சீட்டுக்காரரு மூக்கப் பொத்திட்டே வந்தாரு (பாவம் மனுசன்). சித்தி அத கறி வைக்கவே இல்ல, அடுக்களைப் பரண்ல ரொம்ப நாள் கெடந்துச்சு.