எட்டாவது தடவை

கீழக்கரையில், குடிக்கவும் சமைக்கவும் தண்ணீரை விலைக்கு வாங்குகிற வீடு எங்களுடையது. கிணற்றுத் தண்ணீர் உப்பு. இப்படிப்பட்ட ஊரில் ஒருத்திக்குக் கழுவுகிற நோய் வந்தால் அது முதலில் தெரிவது குடத்தில்தான். மாதத் தண்ணீர்க் காசு இரண்டு மடங்கானபோது உம்மா கேட்டது, "தொட்டி எங்கேயும் கசியுதா புள்ள?" என்றுதான்.

ஆரம்பித்து வைத்தது ஒரு நாய். கடற்கரைப் பக்கம் போயிருந்தபோது நனைந்த நாய் ஒன்று என் புர்காவின் ஓரத்தில் மூக்கை உரசிவிட்டுப் போனது. நாங்கள் பின்பற்றும் ஷாஃபி மத்ஹப் என்ற மார்க்கச் சட்டப்பிரிவில் நாயின் ஈரம் பட்ட இடத்தை ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்த தண்ணீரால். வீட்டுக்கு வந்து அப்படியே கழுவினேன். அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். ஐந்தாவது தடவையை எண்ணினேனா, விட்டுவிட்டேனா என்று ஒரு சந்தேகம் வந்தது. எட்டாவது தடவை கழுவினேன். அந்த எட்டாவது தடவையிலிருந்து வெளியே வர எனக்கு நாலு வருஷம் ஆனது.

புர்காவிலிருந்து கைக்கு வந்தது, கையிலிருந்து, தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவும் ஒளுவுக்கு. முழங்கை நனைந்ததா? குதிகால்? திரும்ப முதலிலிருந்து. ஒளு முடிந்தால், கையைத் தூக்கித் தொழுகையைத் தொடங்கும் தக்பீர். அந்த நேரத்தில் மனதில் நிய்யத், அதாவது இந்தத் தொழுகையைத் தொழுகிறேன் என்ற எண்ணம், இருக்க வேண்டும் என்பது சட்டம். இருந்ததா என்று பார்க்கப் போனால் எப்படி இருக்கும்? கையைத் தூக்குவேன், இறக்குவேன், மறுபடி தூக்குவேன். மதியத் தொழுகையான லுஹருக்கு நின்றவள் தொழுது முடிப்பதற்குள் அடுத்த தொழுகையான அஸருக்குப் பாங்கு சொல்லிவிடுவார்கள். துபாயிலிருக்கும் மச்சானை, என் கணவரை, வீடியோ காலில் உட்கார வைத்துத் தொழுகையின் சுற்றுகளான ரக்அத்களை எண்ணச் சொல்வேன். கடையில் வாடிக்கையாளர் நிற்கும்போதும் போனைக் கல்லாவில் சாய்த்து வைத்துக்கொண்டு, "நாலும் ஆயிருச்சு, நான் எண்ணிட்டேன்" என்பார். பாவம், நல்லது செய்வதாகத்தான் இரண்டு பேருமே நினைத்தோம்.

எங்கள் மக்களிடம் இதற்கு ஒரு பெயர் உண்டு: வஸ்வாஸ். ஷைத்தான் போடும் சந்தேகம். மார்க்கம் படித்த எங்கள் தெரு ஆலிமா லாத்தா (அக்கா) சொன்னது ஒரே வார்த்தைதான்: "கண்டுக்காதே." சரியான பதில்தான், இப்போது தெரிகிறது. ஆனால் எப்படிக் கண்டுகொள்ளாமல் இருப்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை. கண்டுகொள்ளாமல் விட்டால் அல்லாஹ்விடம் என் தொழுகை போய்ச் சேராது என்ற பயம் நெஞ்சை அடைக்கும். சாச்சி ஓதி ஊதிய தண்ணீர் கொண்டுவந்தார். அதை வாங்கும் முன் கையைக் கழுவிக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவர் அழுதுவிட்டார்.

அப்புறம் ஏர்வாடிப் பேச்சு வந்தது. வெளியூர்க்காரர்களுக்கு அது ஒரு தர்கா. எங்கள் பக்கத்தில் "ஏர்வாடிக்குக் கூட்டிட்டுப் போகணும்" என்றால் அந்த வீட்டுப் பெண்ணுக்குப் பைத்தியம் என்று ஊர் முடிவு கட்டிவிடும். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி அங்கே ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் எழுந்து ஓட முடியாமல் செத்துப்போனார்கள். அதைக் கேட்டு வளர்ந்தவள் நான். மனநல மருத்துவர் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குச் சங்கிலிச் சத்தம் கேட்கும். தாமதத்துக்குப் பாதிக் காரணம் அதுதான். இப்போது அந்தத் தர்கா பக்கத்திலேயே அரசு மனநல மருத்துவர்கள் பார்க்கிறார்கள், துவாவும் நடக்கிறது, மாத்திரையும் கிடைக்கிறது என்பதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும்.

முதலில் போன ஒரு தனியார் கிளினிக்கில் "டென்ஷன்தான்மா" என்று தூக்க மாத்திரை எழுதினார்கள். 3 மாதம் நன்றாகத் தூங்கினேன். எழுந்ததும் கழுவினேன்.

நோயைக் கண்டுபிடித்தவர் ஒரு தோல் மருத்துவர். கை வெடித்து ரத்தம் கசிகிறது, களிம்பு வேண்டும் என்று போயிருந்தேன். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒரு நாளைக்கு எத்தனை தடவை கழுவுறீங்க?" என்று கேட்டார். யாரும் கேட்காத கேள்வி. எண்ணிக்கையைச் சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டு, இதற்கு ஓசிடி என்று பெயர், வேண்டாத எண்ணம் வந்து செய்ததையே திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் மனநோய், களிம்பால் பாதிதான் ஆறும் என்று சொல்லி, ராமநாதபுரத்தில் மனநல மருத்துவரைப் பார்க்க அனுப்பினார்.

அந்த மருத்துவரம்மா 10 கேள்விகள் கேட்டு மதிப்பெண் போட்டார். 40-க்கு 29. பள்ளிக்கூடத்தில் கணக்கில் கூட நான் அவ்வளவு எடுத்ததில்லை என்றேன், சிரித்தார். 24-க்கு மேல் போனால் கடுமை என்று விளக்கினார். வேண்டாத எண்ணம் எல்லார் தலையிலும் வந்து போகும். அது வந்ததும் பதறிப்போய் ஏதாவது செய்து பதற்றத்தைத் தணிக்கிறோமே, அந்தத் தணிப்புதான் அடுத்த எண்ணத்துக்குத் தீனி என்றார். இதற்கும் ஈமானுக்கும், அதாவது இறைநம்பிக்கைக்கும், சம்பந்தமில்லை. யாருக்கு எது உயிரோ அதைத்தான் இந்த நோய் பிடித்துக்கொள்ளும், கைக்குழந்தை உள்ளவளுக்குக் குழந்தையை ஏதாவது செய்துவிடுவேனோ என்று வரும், உனக்குத் தொழுகை. நாலு வருஷத்தில் முதல் முறையாக அன்று பஸ்ஸில் அழாமல் வந்தேன்.

செர்ட்ராலின் என்ற மாத்திரையை 50 மில்லிகிராமில் தொடங்கி, மெல்ல மெல்ல 150-க்கு ஏற்றினார். முதல் இரண்டு வாரம் குமட்டல், வயிற்றுப்போக்கு, படபடப்பு. எதுவும் குறையவில்லையே என்று விட்டுவிடப் பார்த்தேன். மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிட ஓசிடிக்குப் பெரும்பாலும் அளவும் கூடுதலாக வேண்டும், பொறுமையும் கூடுதலாக வேண்டும். 10, 12 வாரம் பார்க்காமல் மருந்து கேட்கவில்லை என்று சொல்லக் கூடாது என்று அவர் முதலிலேயே எச்சரித்திருந்தது நல்லதாய்ப் போயிற்று. ரமலானில், விடியும் முன் சாப்பிடும் ஸஹருக்குப் போட்டுக்கொண்டேன். மாத்திரைக்காக ஒரு நோன்பும் விடவில்லை.

மருந்து சத்தத்தைக் குறைத்தது. கையை நிறுத்தியது இன்னொரு சிகிச்சை. பயப்படுவதைத் தொட வேண்டும், தொட்டபின் கழுவக் கூடாது. சொல்ல ஒரு வரி, செய்ய ஒரு யுகம். மதுரையிலிருக்கும் உளவியலாளர் ஒருவர் வாரம் ஒரு தடவை வீடியோவில் வருவார், மாதம் ஒரு தடவை நான் போவேன். 1960-களில் லண்டனில் விக்டர் மேயர் என்பவர் இதை முதலில் செய்தபோது, ஓயாமல் கழுவிக்கொண்டிருந்த பெண்ணின் அறையில் குழாய்த் தண்ணீரையே நிறுத்திவிட்டார்களாம். எங்கள் ஊரில் அதற்கு மருத்துவர் எதற்கு, தண்ணீர் வேன்காரர் இரண்டு நாள் வராமல் இருந்தால் போதும் என்றேன்.

என் உளவியலாளர் முஸ்லிம் இல்லை. ஆகவே முதல் வேலையாக ஒரு தாளை இரண்டாக மடித்து, மார்க்கம் கேட்பது ஒரு பக்கம், நோய் சேர்த்தது மறுபக்கம் என்று ஆலிமா லாத்தாவிடம் எழுதி வாங்கி வரச் சொன்னார். லாத்தா ஒரு இரவு முழுக்க யோசித்து எழுதினார். நபி அவர்கள் ஒரு முத் அளவு தண்ணீரில் ஒளு செய்தார்கள், அது நம் கணக்கில் சுமார் முக்கால் லிட்டர். உறுப்புக்கு மூன்று தடவைக்கு மேல் போவது மக்ரூஹ், மார்க்கம் விரும்பாதது. வஸ்வாஸ் உள்ளவள் சந்தேகம் வந்தாலும் தொழுகையைத் தொடர வேண்டும், திருப்பித் தொழக் கூடாது. என் பக்தி என்று நான் நினைத்திருந்ததில் முக்கால்வாசி மறுபக்கத்தில் இருந்தது.

வாசல் செருப்பில் தொடங்கினோம். உள்ளங்கையை வைத்து எடுத்தேன். பயம் 100-க்கு 80. ஐம்பது நிமிஷம் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், 35-க்கு வந்தது. மறுநாள் 70. பிறகு மீன் கூடை, கழிவறைத் தாழ்ப்பாள், அந்தத் தாழ்ப்பாளைத் தொட்ட கையோடு தலையணை. படிப்படியாக ஏறும் இந்தப் பயிற்சி ஏணியின் உச்சிப்படியில், ஒரு சொம்புத் தண்ணீரில் ஒரே தடவை ஒளு செய்து, ஒரே தக்பீரில் தொழ வேண்டும். அன்று ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடிக்கும்வரை உடம்பெல்லாம் வேர்த்திருந்தது.

என்னைவிடக் கஷ்டப்பட்டது உம்மாதான். "சுத்தமாயிருச்சா?" என்று நான் கேட்டால் "ஆயிருச்சு" என்று சொல்லக் கூடாது, அதுவும் கழுவுவதற்குச் சமம் என்று உளவியலாளர் அவருக்குக் கட்டளை போட்டிருந்தார். "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்று மட்டும் சொல்ல வேண்டும். உம்மா முதல் வாரம் அதைச் சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய், அங்கிருந்து சத்தமாக, "ஆயிருச்சு புள்ள!" என்பார்.

கடைசியாகப் போட்ட மதிப்பெண் 12. நன்றாக ஆனபிறகும் ஒரு வருஷத்துக்குக் குறையாமல் மாத்திரை தொடர வேண்டும் என்பதால் இன்னும் போடுகிறேன். போன மழைக்குத் தெருவில் சாக்கடைத் தண்ணீர் நின்றபோது இரண்டு வாரம் பழையபடி வழுக்கினேன். பயிற்சித் தாள்களை எடுத்து மீண்டும் செருப்பிலிருந்து ஆரம்பித்தேன். மருத்துவரை நேரில் பார்க்கத் தயங்குகிறவர்களுக்கு அரசின் டெலி-மானஸ் எண் 14416 இருக்கிறது, தமிழிலேயே பேசலாம், காசு இல்லை. என் சாச்சி மகளுக்கு அதைத்தான் கொடுத்தேன்.

மச்சான் இந்த மாதம் லீவில் வந்திருக்கிறார். நேற்று மஃரிப் தொழுதுவிட்டு எழுந்ததும் வாய் தவறி, "மூணா, ரெண்டா?" என்று கேட்டுவிட்டேன். "எனக்கென்ன தெரியும், நான் மேட்ச் பார்த்துட்டு இருந்தேன்" என்றார். எரிச்சல்தான் வந்தது. தொழுகை விரிப்பான முஸல்லாவை மடித்து வைத்துவிட்டுத் தேநீர் போடப் போனேன்.