சுவான்ஜோவில் ஐந்து நாள்

ஏப்ரல் 19, 2024
ஜின்ஜியாங் வந்து சேர்ந்தேன். சீனாவின் ஃபூஜியான் மாகாணக் கடலோரத்தில் சுவான்ஜோ மாநகருக்கு உட்பட்ட ஊர். ஆன்டா, எக்ஸ்டெப், 361 டிகிரி மூன்றும் இந்த வட்டாரத்து ஷூ கம்பெனிகள்தான். ஆம்பூர்க்காரன் எனக்குத் தோல் தெரியும். ஈவிஏ என்ற நுரை பிளாஸ்டிக்கில் ஷூ சோல் வார்ப்பதை இன்றுதான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அச்சு திறந்ததும் சோல் துள்ளி வெளியே வந்து, அச்சைவிடப் பெரிதாகப் பொங்கி நிற்கிறது. ஆற ஆறச் சுருங்கும். அந்தச் சுருக்கத்தைக் கணக்குப் போட்டுத்தான் அச்சே வெட்டுகிறார்கள். தொட்டேன், பணியாரம் மாதிரி சூடு.

ஏப்ரல் 20
சாம்பிள் தயாராகவில்லை. நாள் முழுக்கக் காத்திருப்பு, ஆன்சி மலையின் தியேகுவான்யின் தேநீர்.

ஏப்ரல் 21
கைய்யுவான் புத்தர் கோயில். பிரதான மண்டபத்தின் பின்புறம் இரண்டு கல்தூண்கள். குனிந்து பார்த்தால் நரசிம்மர், மடியில் இரணியன்! இன்னொரு வட்டத்தில் மருத மரங்களைச் சாய்க்கும் கண்ணன். இடிந்துபோன ஒரு இந்துக் கோயிலின் தூண்களை மிங் அரசர்கள் காலத்துத் திருப்பணியில் இங்கே நிறுத்தியிருக்கிறார்கள். தூக்கி எறியாமல் வைத்த கைகளை நினைத்துக் கும்பிட்டேன்.

1974-இல் துறைமுகச் சேற்றிலிருந்து எடுத்த சோங் அரசர்கள் காலத்துக் கப்பலும் வளாகத்திலேயே இருக்கிறது. அதில் மிளகு கிடைத்ததாம். அரபு வணிகர்கள் இவ்வூரை 'ஸைத்தூன்' என்றார்கள். ஊரைச் சுற்றி நின்ற முள்முருக்கு மரத்தின் சீனப் பெயரிலிருந்து வந்தது என்கிறார்கள். நம்மூர்க் கல்யாண முருங்கையேதான்.

ஏப்ரல் 22
ஆர்டர் முடிந்தது. விலையில் இரண்டு யுவான் குறைத்தார்கள்.

ஏப்ரல் 23
இங்கே கிடைத்த தமிழ்க் கல்வெட்டு இப்போது ஷியாமென் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விடிந்தால் விமானம், போக முடியவில்லை. மனசு ஆறவில்லை.

கல்வெட்டில் உள்ள ஆண்டு சகாப்தம் 1203, அதாவது கி.பி. 1281. சம்பந்தப் பெருமாள் என்பவர், செகசை கானின் உடல்நலம் வேண்டித் திருக்கதலீச்சுரம் உடைய நாயனார் என்ற சிவனை எழுந்தருளப் பண்ணியிருக்கிறார். மங்கோலிய ஆட்சியில், இந்த ஊரில், தமிழில்! நாள்: சித்திரை மாதம், சித்திரை நட்சத்திரம். காலண்டரைப் பார்த்தேன். இன்றைக்கும் அதே நட்சத்திரம்.

ஃபோனில் இருந்த கல்வெட்டுப் படத்தைத் தொழிற்சாலை மேலாளரிடம் காட்டினேன். "எந்த மொழி?" என்றார். "என் மொழி" என்றேன். பெரிதாக்கி, ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் பார்த்தார்.